ஒரு தோகைக்கு முப்பத்தெட்டு பல்பு

"டீச்சர், வோல்ட்டுன்னா என்ன? ஒரே வார்த்தையில சொல்லிருங்க. பதினோரு நாள்ல தேர்."

கேட்டவர் பவுன்ராஜ். வயது ஐம்பத்தாறு. திருவிழாக்களுக்கு சீரியல் லைட் கட்டியே முப்பது வருஷம் ஓட்டியவர்.

கேட்கப்பட்டவர் சுகிர்தா. வயது முப்பத்தொன்று. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கொஞ்ச காலம் ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியதால் ஊருக்கே டீச்சர்.

சுகிர்தா மோட்டாரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எதுக்கும் எதுக்கும் நடுவுல?" என்றார்.

"என்னது, எதுக்கும் எதுக்கும் நடுவுல?"

"அதைத்தான் அண்ணாச்சி நானும் கேக்கேன்."

பவுன்ராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் வருவதாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

*

அவருக்கு வேறு வழி இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

தேர் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, வருஷா வருஷம் மூங்கில் சட்டத்தில் அவர் ஒரு மயில் கட்டுவார். எல்லாம் சின்ன பல்பு. மயிலுக்குப் பன்னிரண்டு தோகை. ஒரு தோகைக்கு முப்பத்தெட்டு பல்பு.

முப்பத்தெட்டு என்பது மாமனார் சொன்ன கணக்கு. ஏன் என்று மாமனாரும் சொல்லவில்லை, மருமகனும் கேட்கவில்லை.

போன வருஷம் பொழுது சாயும் நேரத்தில் ஒரு பல்பு செத்தது. அதோடு அந்தத் தோகை முழுக்க அவிந்தது. பவுன்ராஜ் ஏணியில் ஏறினார். செத்த பல்பைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு கம்பியையும் ஒன்றாக முறுக்கினார். தோகை முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தது. கூட்டம் "ஆகா" என்றது.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று செத்தது. அதையும் பிடுங்கி முறுக்கினார். இன்னும் பளிச். பிறகு இன்னொன்று. பிறகு பக்கத்துத் தோகை.

தேர் வந்தபோது பன்னிரண்டில் ஐந்து தோகை இருட்டு. நடுவில் ஒரு ஏணி. ஏணியில் பவுன்ராஜ்.

விழாக் கமிட்டித் தலைவர் ஆவுடையப்பன் கையில் மைக் இருந்தது. அது அணைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"மயிலு கட்டச் சொன்னா கோழியைக் கட்டி வச்சிருக்கான்வே."

நாலு ரத வீதியிலும் கேட்டது.

அன்றிலிருந்து பவுன்ராஜ் பெயர் கோழி. டீக்கடையில் "கோழிக்கு ஒரு டீ" என்பார்கள். அவர் ஒரு வருஷமாகக் கறிக்கடைப் பக்கமே போவதில்லை.

இந்த வருஷம் ஆவுடையப்பன் கூப்பிட்டு நேரிலேயே சொல்லிவிட்டார். "மயிலு கடைசி வரைக்கும் மயிலாவே நிக்கணும் வே. இல்லேன்னா அடுத்த வருஷம் அந்த இடத்துல வேற ஆளு."

*

சுகிர்தா கடையைத் திறந்தார். முள் ஓடும் பழைய மீட்டர் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பவுன்ராஜ் ஒரு தோகையைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். மேஜையில் விரித்தார்கள். சுவிட்ச் போட்டதும் முப்பத்தெட்டு பல்பும் எரிந்தன.

"இந்த ஒயர்ல எவ்வளவு வோல்ட்னு பாருங்க அண்ணாச்சி."

மீட்டருக்கு இரண்டு முனை. பவுன்ராஜ் சிவப்பு முனையை மட்டும் கம்பியில் வைத்தார். முள் அசையவில்லை.

"மீட்டர் செத்துப்போச்சு டீச்சர்."

"எதுக்கும் எதுக்கும் நடுவுல?"

அவர் கறுப்பு முனையையும் எடுத்தார். அதே கம்பியில், ஒரு விரல் தள்ளி வைத்தார். முள் அப்போதும் அசையவில்லை.

"கரண்ட் ஓடுது. பல்பு எரியுது. இது மட்டும் ஏன் சும்மா கெடக்கு?"

சுகிர்தா விரலால் ஒரு பல்பைக் காட்டினார்.

பவுன்ராஜ் பல்புக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்தார்.

முள் எழுந்தது. ஆறு.

பக்கத்துப் பல்பில் வைத்தார். ஆறு. இரண்டு பல்பையும் சேர்த்து வைத்தார். பன்னிரண்டு.

"ஏறுது டீச்சர்!"

பத்து பல்பு. அறுபது. குனிந்து, நகர்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் வைத்தார். இருநூற்று முப்பது.

அப்படியே நின்றார். சுவரில் பென்சிலால் வகுத்துப் பார்த்தார். இருநூற்று முப்பதை முப்பத்தெட்டால். பிறகு பல்பு வந்த டப்பாவைக் கையில் எடுத்தார். ஆறு வோல்ட் என்று போட்டிருந்தது. முப்பது வருஷமாகப் போட்டிருந்தது.

"மாமா!" என்று கத்தினார்.

மாமனார் காலமாகிப் பதினேழு வருஷம். தெருவில் போன இரண்டு பேர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

*

நாலாம் நாள்.

பவுன்ராஜ் உற்சாகமாக அளந்துகொண்டிருந்தார். கறுப்பு முனையை ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டதால் இப்போது ஒரு கை போதும். வலது கையில் சிவப்பு முனை. விரல் பிடியைத் தாண்டிக் கம்பிப் பக்கம் வழுக்கிக்கொண்டிருந்தது. இடது கையைப் பக்கத்தில் இருந்த மோட்டாரின் இரும்பு உடம்பில் ஊன்றியிருந்தார்.

சட்டென்று விளக்கு அணைந்தது. சுகிர்தா சுவிட்சில் கை வைத்திருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி. எதுக்கும் எதுக்கும் நடுவுல நிக்கீங்க?"

பவுன்ராஜ் தன் வலது கையைப் பார்த்தார். அது கம்பியைத் தொட ஒரு நூல்தான் பாக்கி. இடது கையைப் பார்த்தார். அது இரும்பில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவருடைய நெஞ்சு இருந்தது.



பவுன்ராஜ் இடது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். விரலைச் சிவப்புப் பிடிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இப்ப போடுங்க டீச்சர்."

சுகிர்தா சுவிட்சைப் போட்டார்.

*

ஆறாம் நாள் பவுன்ராஜ் தன் தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"புதுப் பல்பை எல்லாம் கழுத்துப் பக்கம் போட்டுருவேன். கரண்ட் அங்கிட்டுதான நுழையுது? முதல்ல இருக்கிறவன் நல்லாக் குடிச்சிருவான். வாலுக்கு மிச்சம்தான் போகும். அதனால வால்ல பழைய பல்பு."

"அப்படியா?"

"முப்பது வருஷ அனுபவம் டீச்சர்."

சுகிர்தா வேறொரு மீட்டரை எடுத்து வைத்தார். ஆம்பியர் மீட்டர். பவுன்ராஜ் பழக்கப்படி அதைப் பல்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

சுகிர்தா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "வோல்ட்டுக்குப் பக்கத்துல வைக்கணும். ஆம்பியருக்கு வழியில வைக்கணும்."

சுவிட்சை அணைத்து, கழுத்துப் பக்கம் கம்பியை வெட்டி, வெட்டின இடத்தில் மீட்டரைப் பொருத்தினார்கள். போட்டதும் பாயிண்ட் ஒண்ணு அஞ்சு.

பவுன்ராஜ் தலையாட்டினார். "இது கழுத்து. வாலுக்குப் போவோம், பாருங்க."

வாலில் வெட்டினார்கள். பொருத்தினார்கள்.

பாயிண்ட் ஒண்ணு அஞ்சு.

பவுன்ராஜ் மீட்டரைத் தட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். நடுவில் வெட்டி அளந்தார். அங்கேயும் அதே.

"அப்ப யாரும் குடிக்கலையா?"

"வந்தவ்வளவும் வெளிய போயிருது அண்ணாச்சி."

"பின்னே பல்பு எதை வச்சு எரியுது?"

சுகிர்தா சுவரைக் காட்டினார். பவுன்ராஜ் பென்சிலால் ஆறு என்று எழுதினார். அதன் கீழே பாயிண்ட் ஒண்ணு அஞ்சு என்று எழுதினார்.

"பெருக்குங்க."

பாயிண்ட் ஒன்பது வந்தது.

"அதுதான் வாட். அதை வச்சுத்தான் எரியுது."

"கழுத்துல?"

"பாயிண்ட் ஒன்பது."

"வால்ல?"

"பாயிண்ட் ஒன்பது."

பவுன்ராஜ் வாலில் இருந்த பழைய பல்புகளைப் பார்த்தார். கறுத்துப்போயிருந்தன. அவருக்கே பாவமாக இருந்தது.

"முப்பது வருஷமா உங்களை ஏமாத்திட்டேன்டா" என்று அவற்றிடம் சொன்னார்.

டீச்சர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தார்.

*

எட்டாம் நாள் அவர் வரும்போது தோகை அவிந்து கிடந்தது.

"இதுல ஒண்ணு செத்திருக்கு. கண்டுபிடிங்க" என்றார் சுகிர்தா.

பவுன்ராஜின் கை தானாகவே இடுப்பில் இருந்த கட்டிங் பிளேயருக்குப் போனது. சுகிர்தா அதை வாங்கித் தன் மேஜை டிராயருக்குள் போட்டார்.

இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. வலது கை மீட்டர் முனையை எடுத்தது. தோகையின் ஒரு கடைசியில் கறுப்புக் கிளிப். சிவப்பு முனை முதல் பல்பைத் தாண்டியது. சுழி. இரண்டாவது. சுழி. பத்தாவது. சுழி.

"கரண்டே வரலையோ?"

டீச்சர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இருபதாவது. சுழி. இருபத்தாறாவது. சுழி. இருபத்தேழாவது பல்பைத் தாண்டி வைத்தார்.

முள் துள்ளிப்போய் அந்தக் கடைசியில் நின்றது. இருநூற்று முப்பது.

பவுன்ராஜ் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். மறுபடி மெதுவாக வைத்தார். அதேதான்.

சுவிட்சை அணைத்து அந்தப் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே இழை அறுந்திருந்தது.

"டீச்சர், எரியிற பல்புல ஆறுதான் இருந்துச்சு. செத்த பல்புல மொத்தமும் நிக்குதே!"

"வேற எங்க நிக்கும்?"

பவுன்ராஜ் புதுப் பல்பு ஒன்றைப் போட்டார். தோகை எரிந்தது. அளந்தார். ஆறு.

"இப்ப நீங்க போன வருஷம் செஞ்சதைச் செய்யுங்க" என்று சுகிர்தா பிளேயரைத் திருப்பிக் கொடுத்தார்.

சுவிட்சை அணைத்து ஐந்து பல்பைப் பிடுங்கிக் கம்பிகளை முறுக்கினார் பவுன்ராஜ். போட்டதும் தோகை பளிச்சென்று எரிந்தது.

"எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கு" என்றார். சொல்லும்போதே அவருக்கு என்னவோ போல் இருந்தது. அளந்தார்.

ஏழு.

டப்பாவை எடுத்துப் பார்த்தார். ஆறு என்றுதான் போட்டிருந்தது. மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"அஞ்சு பேரோட பங்கு எங்க போச்சு அண்ணாச்சி?"

பவுன்ராஜ் ஒரு மோட்டார் மேல் உட்கார்ந்தார். விரலை மடக்கி எண்ணினார். ஒருத்தன் செத்ததும் அவன் பங்கு மிச்சம் இருக்கிறவர்கள் தலையில். அந்தப் பாரத்தில் இன்னொருத்தன். அவன் பங்கும் சேர்த்து அடுத்தவன்.

திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒவ்வொண்ணாத் தோகையைப் பிடுங்கினது நான்தான். எனக்குப் பேரு சரியாத்தான் வச்சிருக்கானுவ டீச்சர்!"

*

தேர் அன்று மாலை ஆறரை மணி.

மயில் நின்றது. பன்னிரண்டு தோகை. கழுத்திலும் புதுப் பல்பு, வாலிலும் புதுப் பல்பு.

தேர் வரும்போது ரத வீதியில் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள். அதனால் கரண்ட் இருக்காது. எல்லாம் ஜெனரேட்டர்தான். அது வருஷா வருஷம் நடப்பது. பவுன்ராஜும் வருஷா வருஷம் இரண்டு ஒயரைச் சொருகிவிட்டுக் கும்பிட்டுக்கொள்வார்.

இந்த வருஷம் ஒயரைச் சொருகவில்லை. ஜெனரேட்டரிடம் போய் நின்றார். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, முதுகு பிடிச்சுக்கிட்டா?" என்றார் ஜெனரேட்டர்காரர். "சொருகுங்க. வோல்ட் எல்லாம் கரெக்டா இருக்கு."

"எதுக்கும் எதுக்கும் நடுவுல?"

ஜெனரேட்டர்காரர் தலையைச் சொறிந்தார்.

பவுன்ராஜ் மீட்டரை வைத்தார். முள் இருநூற்று முப்பதைத் தாண்டியது. இருநூற்று ஐம்பதையும் தாண்டியது. இருநூற்று ஐம்பத்து நாலில் நின்றது.

"கூட இருக்கு. குறைங்க."

"இதுல கை வச்சா நின்னுரும் அண்ணாச்சி. தெரு முழுக்க இதுலதான் ஓடுது. போன வருஷமும் இதே மிஷின்தான், இதே வேகம்தான்."

போன வருஷமும். பவுன்ராஜ் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்.

அதற்குள் ஆவுடையப்பன் வந்துவிட்டார். "என்னவே இன்னும் போடல? தேரு மேல ரத வீதி திரும்பிட்டு. கோழி முட்டை போடுமான்னு பாத்துட்டு நிக்கியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பவுன்ராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். டீச்சர் நம்பரைத் தேடினார். டீச்சர் என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மயிலைப் பார்த்தார்.

முப்பது வருஷமாக ஒன்று சரியில்லை என்றால் பிடுங்குவார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

சட்டத்தின் மூங்கிலிலேயே பென்சிலால் எழுதினார். இருநூற்று ஐம்பத்து நாலு. ஆறு. வகுத்தார். பென்சிலைக் காதில் சொருகினார்.

முகம் மலர்ந்துவிட்டது.

"அரை மணி நேரம் குடுங்க தலைவரே."

"அரை மணி நேரத்துல தேரு வந்துரும் வே!"

"அதுக்குத்தான்."

சாக்கிலிருந்து உதிரிச் சரம் இரண்டை உருவினார். நாலு நாலு பல்பாக வெட்டினார். பன்னிரண்டு துண்டு. ஏணியில் ஏறினார். ஒரு தோகை நுனியில் கம்பியை அவிழ்த்து ஒரு துண்டைச் சேர்த்துக் கட்டினார். இறங்கினார், நகர்த்தினார், ஏறினார். சட்டத்தில் இடம் இல்லை. அந்த நாலு பல்பும் மூங்கிலைத் தாண்டி வெளியே தொங்கின.

"என்னவே வால்ல வால் கட்டுதே?" என்று கீழேயிருந்து ஆவுடையப்பன் கத்தினார்.

மேளச் சத்தம் நெருங்கியது. பன்னிரண்டாவது துண்டைக் கட்டிவிட்டு இறங்கினார். ஒயரைச் சொருகினார். இந்த வருஷமும் கும்பிட்டுக்கொண்டார். பழக்கம் போகுமா?

மயில் எரிந்தது.

பளிச்சென்று எரியவில்லை. அளவாக, தேன் நிறத்தில் எரிந்தது. ஒரு பல்பில் முனையை வைத்துப் பார்த்தார். ஆறு. வாலில் பார்த்தார். ஆறு.

தேர் முக்கு திரும்பியது. வடம் பிடித்தவர்களின் முகத்தில் எல்லாம் மயிலின் வெளிச்சம் விழுந்தது. காற்று வந்தது. சட்டத்தைத் தாண்டித் தொங்கிய நுனிகள் பன்னிரண்டும் மெல்ல ஆடின.

முப்பது வருஷத்தில் அந்த மயில் தோகையை அசைத்தது இல்லை.

கூட்டம் "ஆகா" என்றது. பவுன்ராஜுக்கு அந்தச் சத்தம் தெரியும். போன வருஷமும் கேட்டதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தோகையாகப் பார்த்தார்.

தேர் வந்து நிலையில் நின்றது. ஒரு பல்பு கூட அவியவில்லை.

ஆவுடையப்பன் மயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த மைக் அணைந்திருக்கிறது என்று இந்த முறையும் நினைத்துக்கொண்டார்.

"ஆடுது வே. மயிலு ஆடுது வே!"

நாலு ரத வீதியிலும் கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுகிர்தா வந்தார். மயிலுக்குப் பக்கத்தில் போய், கீழே இருந்த தோகையை விரலால் எண்ணினார். முப்பத்தெட்டில் விரல் நிற்கவில்லை. நாற்பத்திரண்டில் நின்றது.

திரும்பிப் பார்த்தார். பவுன்ராஜ் மீட்டரோடு நின்றுகொண்டிருந்தார். இடது கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"அண்ணாச்சி" என்றார் சுகிர்தா. "வோல்ட்டுன்னா என்ன? ஒரே வார்த்தையில சொல்லிருங்க."

பவுன்ராஜ் காற்றில் ஆடிக்கொண்டிருந்த நுனியைப் பார்த்தார்.

முதுகுக்குப் பின்னாலிருந்து இடது கையை எடுத்து, நாலு விரலைக் காட்டினார். "கூட வந்த இருபத்து நாலும் இந்த நாலு பேருக்கு நடுவுல டீச்சர்."